பின்முற்றத்தில் ஓர் அடுப்பு

ஜெபமாலையின் மூன்றாம் தேவரகசியம் நடந்துகொண்டிருந்தபோது பின்முற்றத்தில் ஏதோ இரும்பு சீமெந்தில் விழுந்து உருண்டது. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிய ஹெந்தளைப் பெரியம்மாவின் குரல் ஒரு கணம் தடுக்கி நின்றுவிட்டு, பிறகு பழைய வேகத்திலேயே போனது. சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்ற மெழுகுதிரியின் உருகலைச் சுரண்டிக்கொண்டிருந்த யூஜினா, கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் அம்மாவின் பெட்டியோரம் சாய்த்திருந்த பூவளையம் சரிந்தது. அதை நிமிர்த்தினாள். மறுபடியும் இரும்புச் சத்தம்.

உள்ளே போகும் ஒடுக்கமான நடையில் மாதக்கணக்காக வழியை மறித்துக்கொண்டு நின்ற பெரிய கார்கோ பெட்டியைக் காணவில்லை. பெட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. குசினி இருண்டு கிடந்தது. பிரேதம் இருக்கிற வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; தேத்தண்ணியும் சோறும் பக்கத்து வீட்டு லுத்பியாவின் கையிலிருந்து பின்மதிலுக்கு மேலால் வந்துகொண்டிருந்தன.

பின்முற்றத்தில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே, அப்பா செபஸ்தியன் குந்தியிருந்தார். செத்தவீட்டுக்கென்று ஸ்திரிக்கைப் பெட்டி போட்டு மடித்துக் கொடுத்த வெள்ளைச் சேர்ட்டின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார். அவரைச் சுற்றி மட்டைகள், சாமான் உடையாமல் இடையில் அடைத்து வந்த வெள்ளை ரெஜிபோம் துண்டுகள், பொலித்தீன் பைகளில் நட்டும் போல்ட்டும். நடுவில், கவிழ்த்துப் போட்ட ஆமையைப் போல ஒரு கறுத்த மூடி. மகன் மெல்ரோய் போன நத்தாருக்கு மெல்பேர்னிலிருந்து கப்பலில் அனுப்பிய, முற்றத்தில் வைத்து இறைச்சி வாட்டும் காஸ் கிரில்.

"டடி, உள்ளுக்கு ஜெபம் நடக்குது."

"கேக்குது."

"ஆக்கள் வந்து உங்களத்தான் தேடுறாங்க."

"இந்தக் காலை மட்டும் பூட்டிட்டு வாறன், மகள்."

அவர் பூட்டிக்கொண்டிருந்த கால் தலைகீழாக இருந்தது. சில்லு இருக்கவேண்டிய முனை மேலே, மூடி இருக்கவேண்டிய முனை கீழே. யூஜினாவுக்கே அது தெரிந்தது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி எழுதிக் காலம் கழித்த மனிதர் அவர். வீட்டில் ஒரு பல்ப் மாற்றினாலும் மனைவி கொன்ஸ்ரன்ஸ்தான் ஸ்டூலில் ஏறுவாள், அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடிப்பார். தீப்பெட்டியின் எந்தப் பக்கம் உரசுவதென்று தெரியாத மனுஷன் என்று அவள் எத்தனையோ பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவரும் கூடச் சிரிப்பார்.

யூஜினா உள்ளே திரும்பினாள். வேறென்ன செய்வது? உள்ளே போனால் வெளியே போகச் சொல்லிக் கால் பரபரத்தது. வெளியே வந்தால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வந்ததுபோல் நெஞ்சு இழுத்தது. இரண்டு நாளாக இதே பாடு.

முந்தாநாள் மத்தியானம் கொன்ஸ்ரன்ஸ் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தவள். பின்னேரம் எழும்பவில்லை. யூஜினா கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோரில் வேலையில் இருந்தாள். ஓடிவந்தபோது அம்மாவின் தலைமயிர் தலையணையில் கலையாமல் கிடந்தது. அப்பா வாசலில் நின்றுகொண்டு, வந்தவருக்கெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். "சாப்பிட்டா. படுத்தா." டொக்டருக்கும் அதைத்தான் சொன்னார், பங்குச் சுவாமிக்கும் அதைத்தான் சொன்னார்.

சாப்பிடும்போது அம்மா என்ன சொன்னாள்? யூஜினாவுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதை யாரிடமும் கேட்க முடியாது.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் யூஜினா ஜப்பானுக்குப் போகவேண்டும். வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நவநாள் பூசைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, உண்மையில் அவள் போனது மொழி வகுப்புக்கு. நவநாள் என்று பொய் சொல்லும்படி சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். "அந்தோனியார் கோவிக்க மாட்டார், அவரும் ஊர் விட்டு ஊர் போனவர்தானே" என்றாள். குளிக்கும்போது ஜப்பான் எழுத்துகளைச் சத்தமாய்ச் சொல்லிப் பாடமாக்குவாள் யூஜினா. அப்பாவுக்குக் கேட்காதபடி அம்மா வெளியே நின்று றேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். சோதனை பாஸ். விசாவும் வந்துவிட்டது. நாற்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக அவளுக்கென்று ஒரு வழி திறந்திருந்தது. இனி அப்பாவுக்குச் சொல்லவேண்டியதுதான் மிச்சம்.

"உன்ட டடிக்கு நான் சொல்றன். நீ வாயைத் திறக்காத. அந்த மனுஷனுக்கு எதை எப்ப சொல்லணும் எண்டு எனக்குத்தான் தெரியும்" என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் போகவில்லை, அம்மா போய்விட்டாள். சொன்னாளா, சொல்லவில்லையா?

சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் யூஜினாவுக்குப் பட்டது. சொல்லியிருந்தால் அவர் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்கும். தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தலைகீழான ஒரு கிரில் கால்.

ஜெபமாலை முடிந்து பெரியம்மா குசினிப் பக்கம் வந்தாள். கொன்ஸ்ரன்சின் மூத்த சகோதரி. எந்தச் செத்தவீட்டிலும் எதை எங்கே வைப்பதென்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும், இந்தக் குடும்பத்தில் அது அவள். எட்டிப் பின்முற்றத்தைப் பார்த்தாள், பிறகு யூஜினாவைப் பார்த்தாள்.

"மனுஷனுக்குத் தலை கலங்கிப்போச்சு. கரைச்சல் குடுக்காத, விடு" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "பின்னேரம் அடக்கம் முடிஞ்சு வந்ததும் நீதான் அடுப்பு மூட்டணும், தெரியுந்தானே? தீப்பெட்டி எடுத்து மேல வச்சிருக்கிறன். மற்ற ஆக்கள் கை வைக்க விட்டுராத" என்றாள்.

யூஜினாவுக்குத் தெரியும். கோயில் சொன்ன சட்டம் இல்லை அது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த சட்டம். சவம் எடுத்துப் புதைத்துவிட்டு வந்து, அணைந்து கிடந்த அடுப்பை யார் முதலில் மூட்டுகிறாளோ, அன்றிலிருந்து அந்த வீடு அவள் பொறுப்பு. வீட்டில் இருப்பவர்களின் வயிறும் அவள் பொறுப்பு. கொன்ஸ்ரன்ஸ் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். கல்யாணம் முடித்த புதிதில் அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, பெட்டிகூட அடுக்கிவிட்டாள். மாமியார் திடீரென்று செத்துப்போக, அடக்கம் முடிந்து வந்த பின்னேரம் யாரோ அவள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். "அண்டைக்கு மூட்டினது, இன்னும் நூரேல்ல" என்பாள், இன்னும் அணையவில்லை என்று. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மகள் ஜப்பான் கதையை முதன்முதலாக எடுத்த அன்று ஒரு கேள்வியும் கேட்காமல், தன் சங்கிலியைக் கழற்றி வகுப்புக் கட்டணத்துக்கென்று மேசையில் வைத்தவளும் அவள்தான்.

மெல்ரோய் அன்று காலையில்தான் வந்திறங்கியிருந்தான். கண்கள் சிவந்து, விமானத்தில் போட்டிருந்த காற்சட்டையோடேயே அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து அழுதான். அழுது முடித்துவிட்டு இப்போது கூடாரத்துக்குக் கீழே ஆண்களோடு இருந்தான். நடைக்கு வந்து அக்காவைக் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தான்.

"யூஜி, டடிய நிப்பாட்டு. ஆக்கள் என்னப் பாக்குற பார்வையப் பாரு. ஒஸ்ரேலியாவில இருந்து மகன் பார்ட்டி வைக்க வந்திருக்கான் எண்டு நினைப்பாங்க."

"நீதானே அனுப்பினது. நீயே போய்ச் சொல்லு."

"சொன்னன். ஸ்பானரைப் பிடி எண்டு என்ட கையில தாறார்." அவன் முகத்தைத் துடைத்தான். "சரி விடு. நான் வாற கிழமை போகணும், லீவு இல்ல. ஆனா நீ இருக்கிறபடியால எனக்கு ஒரு பயமும் இல்ல, தெரியுமா? பிளேன்ல முழுக்க அதைத்தான் நினைச்சிட்டு வந்தன். நல்லகாலம் யூஜி இருக்கிறாள் எண்டு."

நல்ல பிள்ளைதான் மெல்ரோய். மனதில் கள்ளம் இல்லாமல்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்று பட்டது. மேசையில் கிடந்த வெறும் கப்புகளை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கியதை எடுத்து வேறோர் இடத்தில் மறுபடி அடுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில், சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலை ஆள் அவளைத் தேடி வந்தான். பெட்டி மூடும் நேரத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் அவனுக்கு. "அக்கே, தாத்தா கோ?" என்றான். தகப்பன் எங்கே என்று. பின்னால்தான் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு யூஜினா முற்றத்துக்குப் போனாள். கிரில் நின்றுகொண்டிருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து, குடிவெறியில் நிற்பவனைப் போல. மூடியின் கைப்பிடி பின்பக்கமாய் இருந்தது. அப்பாவைக் காணவில்லை.

குளியலறையில் இல்லை. அறையில் இல்லை. கட்டிலுக்கு அருகே அவருடைய சப்பாத்து இல்லை. யூஜினா ஒழுங்கை முனைவரை வெறுங்காலோடு ஓடினாள். தலைக்கு மேலே கயிற்றில் கட்டிய வெள்ளைக் கொடிகள் சடசடத்தன. எதிரே வந்தவர்கள் அனுதாபம் சொல்ல வாயெடுத்தார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து ஓடினாள். பெண்சாதியின் பிரேதத்தை முன்னறையில் வைத்துவிட்டு ஒருவர் எங்கே போவார்? கெட்ட கெட்ட நினைப்பெல்லாம் வந்தது. கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

அப்போது ஒரு திறீவீல் ஆட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது. பின்சீட்டில் அப்பா இருந்தார், முழங்காலுக்கிடையில் ஒரு காஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஓட்டிவந்தவன் ரிம்ஸான், சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயர் கடை வைத்திருப்பவன். அவன் இறங்கி, குற்றம் செய்தவன் மாதிரிக் கையைப் பிசைந்தான்.

"மிஸ், கோவிக்க வாணாம். அங்கிள் தனிய நடந்து வந்தீக்காரு. ரெகுலேட்டரும் ஹோஸும் கேட்டாரு. பொறநாட்டுச் சாமான், அதுல வந்த ரெகுலேட்டர் நம்மட சிலிண்டருக்குச் சரிவராதாம். நான் சொன்னேன், அங்கிள், மவுத்து வீட்டுல இதெல்லாம் என்னத்துக்கு, நாளைக்கு நானே கொண்டாந்து பூட்டித் தாறேன் எண்டு. கேக்கல்ல. இண்டைக்கே வேணுமாம். தனிய அனுப்ப மனசு வரல்ல எனக்கு."

கூடாரத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். முன்னறையில் கொன்ஸ்ரன்ஸ் கிடக்கிறாள். அவளுக்கு முன்னால் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போக முடியாது. அதுவும் அவளுக்கு முன்னால். வீடுகளில் சிலிண்டர்கள் வெடித்த அந்த வருஷத்தில், செய்திகளைப் பார்த்துப் பார்த்து நித்திரை கெட்டு, காஸ் அடுப்பைத் தூக்கி வெளியே போட்டவள் அவள். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமையல். மகன் கிரிலை அனுப்பியபோதும், நான் உயிரோடு இருக்கும்வரைக்கும் இந்தப் பெட்டி இப்படியே நிற்கும் என்று சொல்லி, அதன்மேல் ஒரு துணியை விரித்துப் பூச்சாடி வைத்துவிட்டாள்.

கடைசியில் லுத்பியாதான் வழி செய்தாள். தன் வீட்டு முன்கதவைத் திறந்துவிட்டு, ரிம்ஸானை உள்ளே கூப்பிட்டு, குசினிக்குள்ளால் பின்பக்கம் அனுப்பினாள். அவன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சிலிண்டரைத் தூக்கிக் கொடுக்க, மெல்ரோய் இந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் வாங்கினான். காலையிலிருந்து சோறும் தேத்தண்ணியும் வந்த அதே மதில். பெரியம்மா குசினி யன்னலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மெதுவா, மெதுவா" என்று செபஸ்தியன் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் துக்கம் தெரியவில்லை. அவசரம்தான் தெரிந்தது. இருட்டுவதற்குள் முடிக்கவேண்டிய வேலையைக் கையில் வைத்திருப்பவரின் அவசரம்.

கால்களை அவர் கழற்றி மறுபடி பூட்டினார். இந்தமுறை மெல்ரோய் ஸ்பானரைப் பிடித்தான். மூடியையும் திருப்பிப் போட்டார்கள். யூஜினா உள்ளே போனாள், வெளியே வந்தாள். வந்தவர்களுக்குக் கைகொடுத்தாள், மெழுகுதிரி மாற்றினாள், அம்மாவின் கையில் சுற்றியிருந்த ஜெபமாலையைச் சரிசெய்தாள், மறுபடி வெளியே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பாவிடம் கேட்கவேண்டும் என்று வருவாள். ஒவ்வொரு தடவையும் கிரிலைப் பார்த்துவிட்டுப் போவாள்.

பின்னேரம் சுவாமி வந்தார். பெட்டி மூடுமுன் முகத்தை லேஸ் துணியால் மூடுவது வீட்டுக்காரரின் கடமை. கணவன் இருந்தால் கணவன்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெட்டியின் தலைமாட்டில் மட்டும் ஓரிடம் வெறுமையாய் இருந்தது.

யூஜினா நடையில் ஓடினாள்.

அப்பா சிலிண்டருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். ஒரு பேசினில் சவர்க்கார நுரை. அதை விரலால் எடுத்து ரெகுலேட்டர் மூட்டிலும் ஹோஸ் மூட்டிலும் தடவிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தபடியிருந்தார். காஸ் ஒழுகினால் அந்த இடத்தில் நுரை குமிழ் விடும்.

"டடி, பெட்டி மூடப்போறாங்க."

"கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நேரம்தான் பொறுக்கிறது? சுவாமி நிக்கிறார், ஊரே நிக்குது. உங்களுக்கு மம்மிய விட இது பெரிசா?" அவள் குரல் மதிலுக்கு அப்பால் போயிருக்கும். லுத்பியா வீட்டில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் திரும்பவில்லை. இன்னொரு விரல் நுரை எடுத்துத் தடவினார்.

"ஒழுகேல்ல" என்றார், தனக்குத்தானே. பிறகு எழுந்தார். எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பைப்படியில் அவள் தண்ணீர் ஊற்ற, அவர் கை கழுவினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக.

"டடி." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அண்டைக்கு மத்தியானம் மம்மி... ஏதும் கதைச்சவவா?"

"சாப்பிடேக்க கன விஷயம் கதைச்சவ" என்றார்.

"என்ன விஷயம்?"

உள்ளே மணி அடித்தது. அவர் சுருட்டியிருந்த சேர்ட்டுக் கைகளை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். நனைந்த விரல்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை, அவள்தான் போட்டுவிட்டாள். அவர் உள்ளே நடந்தார்.

லேஸ் துணியை அவரே விரித்தார். மனைவியின் நெற்றியில் குனிந்து முத்தமிட்டார். ஊரே எதிர்பார்த்த அழுகை வரவில்லை. துணியை முகத்தில் போட்டுவிட்டு, ஓரங்களை இழுத்து, மடிப்பைத் தடவி, இன்னொருமுறை ஓரங்களை இழுத்தார். போதும் என்று சுவாமி மெதுவாய்த் தோளைத் தொடவேண்டியிருந்தது.

மாதம்பிட்டிய மயானத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. குழிக்குப் பக்கத்தில் ஈரமண் குவிந்து கிடந்தது. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். யூஜினா போடும்போது, ஒன்றையும் விசுவாசிக்காமல், ஒன்றையும் கேட்காமல், மண்ணை மட்டும் போட்டாள். கன விஷயம் கதைத்தாள் என்றால் என்ன விஷயம்? மீன் விலையா, தண்ணி பில்லா, மகளா?

திரும்பிவரும்போது வான் வண்டிக்குள் மெல்ரோய் அவள் தோளில் தலைவைத்து நித்திரையானான். அப்பா முன்சீட்டில் இருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், அங்கே இல்லாத அக்சிலேட்டரை அவர் கால் மிதித்தது. வண்டி நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கூடாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் பெட்டி இருந்த இடத்தில் மெழுகுச் சொட்டுகள் மட்டும். பெரியம்மா அவளை நேரே குசினிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மூன்று சொந்தக்காரப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கேத்தலில் தண்ணீர் நிறைத்திருந்தார்கள். பெரியம்மா தீப்பெட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.

"மம்மிய நினைச்சுக்கொண்டு மூட்டு, பிள்ளை. இனி நீதான் இந்த வீட்டுக்கு."

யூஜினா தீப்பெட்டியைத் திறந்தாள். ஒரு குச்சியை எடுத்தாள். பெட்டியை மூடினாள். நாளைக்கே வேலைக்கு எடுத்தவர்களிடம் சொல்லலாம், ஜப்பானுக்குப் போகவில்லை என்று. விசாவைத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. இத்தனைக்கும் இது ஒரு குச்சி, உரசினால் பற்றும், பற்றினால் தண்ணீர் கொதிக்கும், எல்லோரும் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கையோ நகரவில்லை. பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்து அழுகிறாள் என்று எண்ணி ஒருத்தி முதுகைத் தடவினாள்.

வெளியே டக் என்று ஒரு சத்தம்.

பிறகு இன்னொன்று. டக். டக். பிறகு ஒரு மௌனம், யாரோ குனிந்து எதையோ பார்ப்பதுபோல. மறுபடி டக். பிறகு, காற்றில் விரித்த துணி எழும்புவதுபோல ஒரு மெல்லிய 'புஃப்'.

எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். கிரிலின் பக்கவாட்டில் இருந்த சின்ன அடுப்பில் நீலச் சுவாலை வட்டமாய் நின்றது. அதற்கு முன்னால், கை நீட்டிய தூரத்தில், முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு செபஸ்தியன் நின்றார். தீக்குச்சி இல்லாமலே பற்றவைக்கும் பொத்தானிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை.

"செபஸ்தியன்!" பெரியம்மா பின்கதவுக்கு விரைந்தாள். "அங்க என்ன செய்யுறீங்க? அடுப்பு அவள் மூட்டணும். அது பொம்பிளை மூட்டுறது."

"மூட்டியாச்சு, மச்சாள்."

"உங்களுக்குத் தெரியுமா அது என்னத்துக்கு எண்டு? மூட்டுற ஆள்தான் இந்த வீட்டுக்கு..."

"தெரியும். நான் இருக்கிறன் இந்த வீட்டுக்கு."

பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ செத்தவீடுகளை நடத்தியவள், இதற்கு என்ன சொல்லவேண்டும் என்பதை எந்தச் செத்தவீடும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "தேத்தண்ணி ஊத்தத் தெரியாத ஆள்" என்று முணுமுணுத்தாள்.

செபஸ்தியன் குசினிக்குள் வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் கேத்தலைத் தூக்கிக்கொண்டு போனார். நீலச் சுவாலைமேல் அதை வைத்துவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், திறந்தார். மெல்ரோய் பின்கதவில் சாய்ந்து நின்றான். தகப்பனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். ஏதோ ஒன்று நடக்கிறது என்று மட்டும் அவனுக்கு விளங்கியது போலிருந்தது.

யூஜினா தீப்பெட்டியோடு முற்றத்துக்கு வந்தாள். குச்சி இன்னும் விரலிடுக்கில் இருந்தது. கிரில் இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. ஒரு காலுக்குக் கீழே மட்டைத் துண்டு மடித்து வைத்திருந்தார்.

"தேயிலை எவ்வளவு போடுறது?" என்றார் அவர், கேத்தலைப் பார்த்தபடி.

"ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி. பிறகு கேத்தலுக்கு ஒண்டு."

"கேத்தலுக்கும் போடணுமா?" அவர் அதை மனதுக்குள் எழுதிக்கொண்டார். தண்ணீர் முனகத் தொடங்கியது. மற்றவர்கள் காதில் விழாத தாழ்ந்த குரலில், அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார்.

"ஜப்பான்ல அடுத்த மாசம் குளிரா?"

மதிலுக்கு அப்பால் லுத்பியா வீட்டில் யாரோ பைப்பைத் திறந்தார்கள், மூடினார்கள்.

"இல்ல டடி" என்றாள். "அடுத்த மாசம் அங்க சரியான வெக்கை."

"ஆ." அவர் தலையை ஆட்டினார். "அப்ப உன்ட மம்மி சொன்னது பிழை. சுவெட்டர் வாங்கணும் எண்டு பிடிவாதமா நிண்டா. சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் சுவெட்டர் கதைதான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வாயருகே வந்து கோணிக்கொண்டு நின்றது. உடனே குனிந்து சுவாலையைக் குறைத்தார். தேவைக்கு அதிகமாகக் குறைத்துவிட, அது அணைந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினார். டக். டக். பற்றியது.

தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். தேயிலை வடியைப் பிடிக்க மறந்து பிறகு பிடித்தார். கறுகறுவென்று, சீனி கூடிப்போன, தேயிலைத் தூள் மிதக்கிற தேத்தண்ணி. மெல்ரோய்க்கும் பெரியம்மாவுக்கும் பெண்களுக்கும் வீட்டுக் கப்புகளில் ஊற்றி, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டினார். ஒரு கப்பில் மட்டும் ஊற்றவில்லை.

உள்ளே போனார். முன்னறைக் கண்ணாடி அலமாரி திறக்கும் கிறீச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தங்கக்கரை போட்ட ஒரு கப்பும் சோசரும் இருந்தன. சுவாமி வீட்டுக்கு வந்தால், பெண் பார்க்க யாரும் வந்தால், வெளிநாட்டிலிருந்து யாரும் வந்தால் கொன்ஸ்ரன்ஸ் எடுக்கும் செற். வீட்டு ஆட்கள் அதில் குடித்ததில்லை. அவர் அதைத் தன் சேர்ட்டின் தொங்கலால் துடைத்தார், ஊற்றினார், சோசரில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது.

முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை மகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் சோசரைப் பிடித்து அவர் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டதும் ஓரடி பின்னுக்குப் போய், அவள் முதல் மிடறு குடிக்கும்வரைக்கும், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.